சிறு படகுக்குக் கட்டுமிடம் தேடியபோது: ‘ஆழம் 2 மீட்டர்’ என்ற பதிவை அப்படியே ஏற்காதீர்கள்

ஏற்றவற்றம் உள்ள, அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்கும் துறைமுகத்தில் சிறு படகுக்கு நிரந்தரமான கட்டுமிடம் (கடலடிக் கல்லோடு சங்கிலியால் பிணைத்த மிதவையில் படகைக் கட்டிவைக்கும் இடம்) கேட்டு விண்ணப்பிக்கும் எவரும், ஒதுக்கீட்டுக் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும். கடிதத்தில் குறித்திருக்கும் ஆழம் எந்த நீர்மட்டத்தில் அளந்தது என்பதே அந்தக் கேள்வி. எனக்கு வந்த முதல் கடிதத்தில் ‘ஆழம்: 2 மீட்டர்’ என்று மட்டும் இருந்தது. என் படகு ஆறரை மீட்டர் நீளமுள்ளது. அதன் ஒற்றைக் கீல், அதாவது அடியிலிருந்து கீழ்நோக்கி நீண்டிருக்கும் தகடு போன்ற பகுதி, நீருக்குள் 1.1 மீட்டர் இறங்கும். எண்ணை மட்டும் பார்த்தால் தாராளமான இடம்தான். ஆனால் இந்த 2 மீட்டர் ஏற்றத்திலா வற்றத்திலா என்று கேட்டபோது, துறைமுக அலுவலகத்தில் இருந்த எழுத்தர், “பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் சார் சொல்ல முடியும், மற்றவர்கள் யாரும் இப்படிக் கேட்பதில்லை” என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார். அந்தப் பதிலை இப்போது நினைத்தாலும் மனம் ஆறவில்லை, ஏனெனில் அதை நம்பிக் கையெழுத்திட்டிருந்தால் படகு ஒரே மாதத்தில் பிளந்திருக்கும்.

கடல் வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது அதே இடத்தில் 0.6 என்ற எண்ணின் கீழே கோடு போட்டிருந்தது. வரைபடத்தில் கோடிட்ட எண் ஆழத்தைக் குறிப்பதில்லை. வரைபடத்தின் அடிப்படை மட்டத்திலிருந்து அந்த இடத்துத் தரை எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைக் குறிக்கிறது. வானிலைக் காரணங்கள் நீங்கலாக, சூரிய சந்திர ஈர்ப்பினால் மட்டும் கடல் எவ்வளவு தாழக்கூடுமோ அந்த மட்டத்தையே பெரும்பாலான வரைபடங்கள் அடிப்படையாகக் கொள்கின்றன. அந்த மட்டத்திலிருந்து எண்ணினால், எங்கள் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றம் 3.5 மீட்டர், வற்றம் 0.5 மீட்டர், அஷ்டமியை ஒட்டி வரும் சிறிய ஏற்றம் 2.6 மீட்டர், வற்றம் 1.4 மீட்டர். இப்போது கணக்குத் தெளிவாகிவிடுகிறது. 2.6 மீட்டரிலிருந்து தரையின் 0.6 மீட்டரைக் கழித்தால் சரியாக 2 மீட்டர் வருகிறது. அதாவது யாரோ ஒருவர் என்றோ ஓர் அஷ்டமி ஏற்றத்தின்போது குண்டுநூல் (நுனியில் எடை கட்டிய அளவுக்கயிறு) விட்டு அளந்த ஆழம், காலம் குறிக்கப்படாமல் பதிவேட்டில் ஏறி, அந்த இடத்தின் நிலையான ஆழமாகவே ஆகிவிட்டிருக்கிறது. அதே இடத்தில் அஷ்டமி வற்றத்தில் 0.8 மீட்டர் தண்ணீர்தான் நிற்கும். அமாவாசை வற்றத்தில் தரை பத்து சென்டிமீட்டர் வெளியே தெரியும்.

ஒற்றைக் கீல் உள்ள படகு தரைதட்டினால் நிமிர்ந்து நிற்காது, பக்கவாட்டில் சாயும். இரட்டைக் கீல் உள்ளதும், தட்டையான அடி கொண்டதும், கீலை மேலே இழுத்துக்கொள்ளக்கூடியதுமான படகுகளுக்கு வற்றத்தில் காயும் இடம் ஒரு குறையே அல்ல. அப்படிப்பட்ட படகு வைத்திருப்பவர்கள் இவ்வளவு அலைய வேண்டியதும் இல்லை. ஆனால் அவர்களும் அடிமண்ணைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். மென்சேறு படகை அடிபடாமல் ஏந்திக்கொள்ளும்; இறுகிய மணலும் கற்களும் அப்படி ஏந்தாது. சேதம் பெரும்பாலும் தண்ணீர் முற்றிலும் வற்றிய பிறகு நேர்வதில்லை. படகு தரையைத் தொடுகிற, தரையிலிருந்து விடுபடுகிற அந்தச் சில நிமிடங்களில், சிறு அலை இருந்தாலும் அடிப்பகுதி மோதி மோதி எழுகிறதே, அதில்தான் நேர்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் என்றால் அந்த மோதல் எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே கடிதத்தைத் திருப்பிக்கொடுத்துவிட்டு, அமாவாசைக்கு அடுத்த நாள் காலையில் வற்றத்தின்போது நேரில் போய்ப் பார்த்தேன். பெரிய ஏற்றவற்றம் அமாவாசை அன்றே உச்சத்தை எட்டுவதில்லை. பல இடங்களில் ஓரிரு நாள் தாமதித்தே வரும். அந்தக் காலை வேளையில் துறைமுகம் வேறு முகம் காட்டியது. கடிதத்தில் எனக்குரியதாகக் குறித்திருந்த மிதவை சேற்றில் கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்திலேயே யாரோ கைவிட்ட பழைய நங்கூரம் ஒன்று கொக்கியை மேலே நீட்டியபடி புதைந்திருந்தது; படகின் அடி சரியாக அதன்மேல் இறங்கியிருக்கும்.

அப்போதுதான் எழுத்தரின் பதிலுக்கு உள்ள இன்னொரு காரணமும் புரிந்தது. ஒரே துறைமுகத்தில் பெரிய ஏற்றம் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். எங்கள் துறைமுகத்தில் அது நண்பகலும் நள்ளிரவும் ஆகும். அதனால் பெரிய வற்றம் காலை ஆறு மணியையும் மாலை ஆறு மணியையும் ஒட்டியே விழுகிறது. அஷ்டமிக் காலத்தில் நண்பகலில் வற்றம்தான், ஆனால் அந்தச் சிறிய வற்றத்தில் தரை தெரிவதில்லை. ஆக, பகலில் திறந்து மாலையில் மூடும் அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்குத் துறைமுகத்தின் அடி கண்ணில் படவே வாய்ப்பில்லை. இடம் பார்க்க அலுவலக நேரத்தில் வரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் துறைமுகத்தின் பெரிய வற்றம் எந்த மணிக்கு வருகிறது என்று ஏற்றவற்ற அட்டவணையில் பார்த்து, அந்த நேரத்துக்குப் போய், கைப்பேசியில் தேதியும் நேரமும் பதியும்படி படம் எடுத்து வையுங்கள். நான் எடுத்த படங்களைக் கண்ட பிறகுதான் துறைமுக அதிகாரி முதல் ஒதுக்கீட்டை ரத்துசெய்ய இசைந்தார். பதிவேட்டில் ‘வற்றத்தில் காயும் இடம்’ என்று திருத்தி எழுதவும் வைத்தேன். அடுத்து அந்த இடத்தைக் கேட்பவருக்கு இந்த அலைச்சல் இருக்காது என்பதில் எனக்கு நிறைவு உண்டு.

இரண்டாவதாகக் காட்டிய இடத்தில் ஆழம் போதுமானதாக இருந்தது. சுழலும் இடம்தான் போதவில்லை. ஒற்றை மிதவையில் கட்டிய படகு அதைச் சுற்றி வட்டமடிக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. அந்த வட்டம் ஏற்றத்தில் சுருங்கி வற்றத்தில் விரியும் என்பதை அலுவலக வரைபடம் கணக்கில் எடுக்கவில்லை. 6 மீட்டர் சங்கிலி 5 மீட்டர் நீரில் இழுபட்டு நின்றால் மிதவை நடுப்புள்ளியிலிருந்து 3.3 மீட்டர்தான் விலக முடியும். நீர் 2 மீட்டராக வற்றினால் 5.7 மீட்டர் விலகும். அதனோடு கட்டுக்கயிற்றையும் படகின் நீளத்தையும் கூட்ட வேண்டும். அருகில் இருந்தவை ஆழமில்லாத, மேல்தளம் உயர்ந்த விசைப்படகுகள். கீல் ஆழமாக இறங்கிய படகு நீரோட்டத்துக்கு முகம் காட்டும். அவையோ காற்றுக்கு முகம் காட்டும். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக இருக்கும் வேளையில் பக்கத்துப் படகுகள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பி மோதும். ஒரே வகைப் படகுகள் நடுவே இடம் கேளுங்கள் என்பதே இதற்கு நான் சொல்லக்கூடிய ஆலோசனை. அந்த இடத்துக்கு இன்னொரு குறையும் இருந்தது. வற்றத்தில் அலைகளைத் தடுத்து நின்ற மணல்திட்டு, ஏற்றத்தில் முழுவதும் மூழ்கிவிடும். காற்று அந்தத் திசையிலிருந்து வீசினால் அலை தடையின்றி உள்ளே வரும். வற்றத்தில் ஆழத்தைப் பார்ப்பதைப் போலவே, ஏற்றத்தில் காற்றடிக்கும் நாளில் அலைக்கு மறைப்பு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது இடம், முகத்துவாரத்தை நோக்கிய வளைவுக்குச் சற்றுக் கீழே உள்ளது. வரைபடத்தில் ஆழம் 1.2 மீட்டர், கோடிடாத எண். 0.5 மீட்டர் வற்றத்தில்கூட 1.7 மீட்டர் நீர் நிற்கும். கீலுக்குக் கீழே 0.6 மீட்டர் மிஞ்சும். அதில் கொஞ்சத்தை வளிமண்டல அழுத்தம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் கூடினால் கடல்மட்டம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் தாழும். சராசரி 1013 என்பதால், 1033 காட்டும் நாளில் அட்டவணை சொல்வதைவிட 20 சென்டிமீட்டர் குறைவாக இருக்கலாம். வருடத்தில் மார்ச், செப்டம்பர் மாதங்களையொட்டி வரும் வற்றங்கள் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். இவ்வளவையும் கழித்த பிறகும் இடம் தேறியது.

இடம் தேறிய பின் காகிதம் தடுத்தது. முந்தைய உரிமையாளர் இடத்தை விட்டுக்கொடுத்ததற்கான கடிதம் கோப்பில் இல்லை என்று ஒரு நாள் முழுவதும் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பினேன்; அது வேறு கோப்பில் இருந்தது. அதைவிடப் பெரிய தடையாக இருந்தது சங்கிலிச் சோதனைச் சான்றிதழ். கட்டுமிடத்தைத் தகுதியுள்ளவர் சோதித்ததற்குத் தேதியிட்ட சான்று இல்லாமல் காப்பீடு செல்லாது என்று காப்பீட்டு நிறுவனம் கண்டிப்பாக எழுதியிருந்தது. அலுவலகத்திலோ, “ஒரு டன் கான்கிரீட் கல் சார், எங்கும் போகாது” என்றார்கள். கான்கிரீட் நீருக்குள் தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இழக்கும். கரையில் ஒரு டன் இருப்பது கடலடியில் 600 கிலோவுக்கும் குறைவாகத்தான் பிடித்து நிற்கும். இரும்பு இழப்பது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். அதனால் கல்லின் எடையைக் கேட்கும்போது அது எதனால் ஆனது, சேற்றில் எவ்வளவு புதைந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாய்மொழி உறுதியை ஏற்காமல் சோதனைக்கு வற்புறுத்தினேன்; முக்குளிப்பவர் வந்தார். சங்கிலியின் மேல்பகுதி புதியது போலவே இருந்தது. ஆனால் தரையைத் தொட்டும் எழுந்தும் ஓயாமல் உரசுகிற கீழ்ப்பகுதியில், கண்ணிகளின் விட்டம் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தது. விட்டம் அவ்வளவு குறைந்தால் குறுக்குவெட்டுப் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். மேலே நின்று மிதவையைத் தூக்கிப் பார்க்கிறவருக்கு இது ஒருபோதும் தெரியாது. துத்தநாகம் பூசிய இரும்புச் சங்கிலியில் துருப்பிடிக்காத எஃகு ஷேக்கிள் (ஆணியால் பூட்டும் இணைப்பு வளையம்) மாட்டியிருந்ததையும் அவர் காட்டினார். உப்புநீரில் இரண்டு உலோகங்கள் சேர்ந்தால் பூச்சும் இரும்பும்தான் அரித்துப்போகும். சங்கிலியின் கீழ்ப்பகுதியையும் ஷேக்கிள்களையும் மாற்றி, ஆணிகள் கழலாதபடி கம்பியால் கட்டி, அடுத்த சோதனைத் தேதியையும் சான்றிதழில் எழுத வைத்த பிறகே கையெழுத்திட்டேன். கட்டணமும் பதிவும் அன்றே முடிந்தன.

படகை அஷ்டமிக்கு மறுநாள் கொண்டுபோய்க் கட்டினேன்; நீரோட்டம் வலுவிழந்திருக்கும் நாள் அது, தனியாளாக மிதவையைப் பிடிப்பதற்கு ஏற்றது. முன்பக்கத்திலிருந்து இரண்டு கட்டுக்கயிறுகள், ஒன்று மற்றதைவிடச் சற்று நீளமாக. முதலாவது அறுந்தால்தான் இரண்டாவதில் பாரம் விழும். படகின் விளிம்பில் உரசும் இடத்தில் இரண்டுக்கும் ரப்பர் குழாய் மாட்டியிருக்கிறேன்.

கரையிலிருந்து போய்வரும் சிறு துடுப்புத் தோணிக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு உண்டு. சாய்தளம் பாதி வற்றத்திலேயே சேற்றில் முடிந்துவிடுகிறது. வற்றும் ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கும், இரண்டாவதில் இரண்டு பங்கும், மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கும் நீர் இறங்குகிறது. அதாவது நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் போய்விடும். ஏற்றத்துக்குப் பின் இரண்டு மணி நேரம் கடந்ததும் நான் கரை திரும்பத் தொடங்கிவிடுகிறேன். அடுத்த அமாவாசை வற்றத்தில், இடுப்பளவு சேற்றைத் தாண்ட வேண்டியிராதபடி முந்தைய ஏற்றத்திலேயே படகில் ஏறித் தங்கி, குண்டுநூல் விட்டு அளந்தேன். 1.65 மீட்டர் காட்டியது. வளிமண்டல அழுத்தம் அன்று 1018.