ஆறு மாசத்துக்கு ஒரு முகம்

மனநலத் துறையில் வேலை வேண்டும் என்று எங்களிடம் வருகிறவர்களில் பலர் மனதில் ஒரு படம் இருக்கும். ஏசி அறை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, மேஜையில் டிஷ்யூ பெட்டி. மனநோயாளிகளை ஊர் ஊராக வீடு தேடிப்போய்ப் பார்க்கும் களப்பணிக்கு எங்கள் தொண்டு நிறுவனம் கொடுக்கும் அறிவிப்பைப் படித்தாலே அந்தப் படம் கலைந்துவிடும். ஏதாவது ஒரு டிகிரி, இல்லாவிட்டால் பிளஸ் டூ. டூவீலர் ஓட்டத் தெரிய வேண்டும், லைசென்ஸ் கட்டாயம். முசிறி, தொட்டியம் பக்கம் தங்கி வேலை பார்க்கச் சம்மதிக்க வேண்டும். மனநலம் என்ற பேச்சே அதற்கப்புறம்தான் வரும்.

நானும் அப்படிச் சேர்ந்தவள்தான். சமூகவியல் படித்துவிட்டு குரூப் 4 எழுதிக்கொண்டிருந்த நேரம், ரிசல்ட் வரும்வரை இருப்போம் என்று வந்தேன். இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் குழுவில் இருக்கிறேன். நோயின் பெயர், மாத்திரையின் பெயர், சட்டம் எல்லாவற்றையும் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் இந்த வேலையில் பலன் தருவது, ஒரே ஆள் ஒரே வீட்டுக்கு வருஷக்கணக்கில் போய் வருவது. அதற்குத்தான் யாரும் ஏற்பாடு செய்வதில்லை.

பயிற்சியை வரலாற்றில்தான் தொடங்குவோம். மனநல மருத்துவர்கள் எண்ணிக்கை நாட்டுக்குப் போதாது, ஆகவே ஊர்மட்டத்தில் ஆட்களைத் தயார் செய்ய வேண்டும் என்ற யோசனையோடு 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ்காரர்கள் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். பிறகு மாவட்ட மனநலத் திட்டம் என்று அது விரிந்தபோது, தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியது எங்கள் திருச்சியில், 1997-ல். பக்கத்துப் புதுக்கோட்டையில் 2010 வாக்கில் மனச்சிதைவு நோய்க்காக வேலை செய்யும் சென்னை ஸ்கார்ஃப் அமைப்பு ஒரு பேருந்தையே நடமாடும் மனநல மருத்துவமனையாக ஆக்கியது. நோயாளி ஊரில் பேருந்துக்குள் உட்கார்ந்திருப்பார், டாக்டர் சென்னையிலிருந்து வீடியோவில் பேசுவார், மருந்தையும் பேருந்திலேயே கொடுத்துவிடுவார்கள். அந்தப் பேருந்துக்கு ஆளைக் கூட்டிவருவது, அப்புறம் வீட்டுக்குப் போய் விசாரிப்பது எல்லாம் உள்ளூர்ப் பணியாளர்கள் வேலை. இதைச் சொல்லும்போது பெரும்பாலும் யாரும் குறிப்பெடுப்பதில்லை.

ஏர்வாடி பற்றிச் சொல்லும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இப்போது சேரும் பிள்ளைகளில் சிலர் அந்த வருஷம் பிறந்திருக்கவே மாட்டார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 95-ஆம் பிரிவில், எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. உடனே யாராவது கேட்பார்கள், "மேடம், வீட்டுலயே கட்டிப்போட்டிருந்தா போலீசுக்குச் சொல்லிடலாமா?"

கையேட்டில் இதற்கு ஒரு வரியில் பதில் இருக்கிறது. களத்தில் அந்த ஒரு வரி போதாது. கட்டிவைக்கும் அம்மா பெரும்பாலும் கொடுமைக்காரி இல்லை. காலையில் கோரை வேலைக்குப் போனால்தான் அன்றைக்குக் கூலி. பையன் எழுந்து போய் சேலம் மெயின் ரோட்டில் நடுவில் நிற்பான், லாரிகள் பறக்கிற ரோடு. பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. சங்கிலியை அவிழ்க்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் அவள் வேலைக்குப் போகும் அந்தச் சில மணி நேரத்துக்கு என்ன வழி என்று கேட்காமல் அவிழ்க்கச் சொன்னால், நாம் கிளம்பியதும் மறுபடி பூட்டுவாள். அடுத்த முறை நமக்குக் கதவே திறக்காது.

கோயில் விஷயமும் அப்படித்தான். குணசீலம் எங்களுக்குப் பக்கம். பெருமாள் சன்னிதியில் 48 நாள் தங்கினால் புத்தி தெளியும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. புதிதாக வந்தவர்களுக்கு அதைக் கேட்டதும் கை துறுதுறுக்கும், மூடநம்பிக்கை பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்ற. வேண்டாம் என்று சொல்லிவைப்போம். "மண்டலம் முடியும்வரை மாத்திரையையும் கையோடு எடுத்துட்டுப் போங்கம்மா, தீர்த்தம் வாங்கிட்டுப் போட்டுக்கலாம்" என்றால் முக்கால்வாசிப் பேர் தலையாட்டுவார்கள். விவாதத்தில் ஜெயித்து நோயாளியை இழப்பதில் என்ன லாபம்?

பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நடித்துப் பார்க்கும் பகுதி. ஒருவர் நோயாளி, ஒருவர் பணியாளர், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். கடன், தூக்கமின்மை, குடிக்கும் கணவன் என்று பேச்சு நன்றாகவே போகும். தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்க வேண்டிய இடம் வந்ததும் குரல் இறங்கிவிடும். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள்: "தப்பான முடிவு எதுவும் எடுக்க மாட்டீங்கல்ல?"

இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் சொல்ல முடியும். "இல்லம்மா, அப்படியெல்லாம் இல்ல." கேட்டவருக்கும் நிம்மதி, பேச்சும் முடிந்துவிடும். உண்மையில் அந்த எண்ணத்தோடு இருக்கிறவருக்கு, இங்கே சொல்ல முடியாது என்பதும் புரிந்துவிடும். அதனால் நேராகக் கேட்கப் பழக்குவோம்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்ப இருந்து தோணுது? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?" கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது என்பது மனநல மருத்துவத்தில் உறுதியாகச் சொல்லப்படும் விஷயம். ஆனாலும் வாய் வராது. மாமியார் வயதில் இருப்பவரிடம் "செத்துப்போகணும்னு" என்ற வார்த்தையையே சொல்லக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள். திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லித்தான் நாக்கு பழகும். சிரிப்பு வரும், ஒருத்தி அழுதிருக்கிறாள், பரவாயில்லை.

ஆமாம் என்று பதில் வந்தால் அடுத்த வேலையும் தெளிவாக இருக்க வேண்டும். தனியாக விடக் கூடாது. வீட்டில் யார் கூட இருப்பார்கள் என்று முடிவு செய்ய வேண்டும். அன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸின் 14416 எண்ணை அவர்கள் போனிலேயே சேமித்துத் தர வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச எண் அது, ராத்திரியிலும் எடுப்பார்கள். வாழைத் தோட்டம் வைத்திருக்கும் வீடென்றால் பூச்சிமருந்து டப்பா எங்கே இருக்கிறது என்று கட்டாயம் கேட்கச் சொல்வோம். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்யும் சினேகா அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான இடத்தில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். கையெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் அந்த ஆவேசமான நேரம் கடந்துபோக வாய்ப்பு கிடைக்கிறது என்பதுதான் கணக்கு.

அடுத்தது நோட்டு எழுதுவது. மாதம் ஒருமுறை நடக்கும் முகாமில் டாக்டருக்கு ஒரு நோயாளிக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். அவருக்கு நம் நோட்டுதான் கண். புதியவர்கள் எழுதுவது: "நோயாளி சற்று சுமாராக உள்ளார். குடும்பத்தினர் ஒத்துழைக்கவில்லை." இதைப் படித்து எந்த டாக்டரும் எதையும் செய்ய முடியாது. எங்கள் சீனியர் அக்கா ஒருவர் எழுதிய பக்கத்தைக் காட்டுவோம். "டிவியைத் துணி போட்டு மூடியிருக்கிறார். உள்ளே இருக்கிறவர் தன்னைப் பார்க்கிறார் என்கிறார். வெயிலில் இரண்டு சட்டை போட்டிருந்தார். காபி கொடுத்தபோது டம்ளரை வாங்கவில்லை, அம்மா குடித்துக் காட்டிய பிறகு குடித்தார். ரசத்தில் மாத்திரையைப் பொடி செய்து கலந்தது அவருக்குத் தெரிந்துவிட்டதாம்." இவ்வளவுதான். அக்கா தன் கருத்து என்று எதையும் எழுதவில்லை. ஆனால் சந்தேகம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, மாத்திரை ஏன் உள்ளே போகவில்லை, இனி சாப்பாட்டிலேயே நம்பிக்கை போகப் போகிறது என்பதெல்லாம் அந்தச் சில வரிகளில் இருக்கிறது. சாப்பாட்டில் கலப்பதைச் செய்யாத வீடு குறைவு, அவர்களைக் குற்றம் சொல்லவும் மனம் வராது. ஆனால் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் அந்த வீட்டில் அம்மா கையால் ஒரு வாய் சோறு சாப்பிட மாட்டார்கள்.

சில விஷயம் எந்த நோட்டிலும் முதல் தடவையே வராது. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரை சாப்பிடும் பெண்கள் சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றேகூடப் போகும். மாத்திரை புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டுவதால் வருவது அது. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார். ஆனால் கல்யாணமாகாத பெண், எதிரே ஆண் டாக்டர், பின்னால் கூட்டம், எப்படிச் சொல்வாள்? வீட்டில் வேறு மாதிரி சந்தேகப்பட்டு, பேச்சு வளர்ந்து, கடைசியில் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நான் போய்வந்த ஒரு வீட்டில் அந்தப் பெண் இதை என்னிடம் சொன்னது, கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, முகத்தைப் பார்க்காமல். பல மாதம் பழகிய பிறகு. அதற்கு முன்னால் எத்தனையோ முறை "மாத்திரை ஒத்துக்குதா" என்று கேட்டிருக்கிறேன், "ஒத்துக்குது அக்கா" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பல மாதத்தைத்தான் நாம் விலை பேசி விற்றுக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஆட்களின் சம்பளம் திருச்சி ஜவுளிக்கடையில் கொடுப்பதைவிடக் குறைவு, அதிலும் பெட்ரோலுக்கு முதலில் கைக்காசு போட்டு, பிறகு பில் கொடுத்து வாங்க வேண்டும். நிதி கொடுப்பவர்களுக்கு ப்ராஜெக்ட் இத்தனை வருஷம் என்று கணக்கு. பயிற்சி பெற்றவர்கள் எண்ணிக்கை அறிக்கையில் அழகாக ஏறும். அவர்களில் எத்தனை பேர் இன்னும் அதே ஊரில் இருக்கிறார்கள் என்று கேட்கும் கட்டத்தை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை. இதை அனுபவம் சேர்க்கும் வேலையாக நினைத்து வருகிறார்கள், எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி மேற்படிப்பில் சேரவோ வேறு ஊருக்கோ போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அந்த எண்ணம் இருந்ததுதான். ஆனால் வீட்டுக்காரர்கள் தரப்பில் யோசியுங்கள். ஒவ்வொரு புது ஆளிடமும் மகன் எப்போது முதலில் கத்தினான், எந்தக் கோயிலுக்குப் போனோம், மருமகள் எப்போது தாய்வீடு போனாள் என்று ஆதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு அப்பா நேராகவே கேட்டார், "ஆறு மாசத்துக்கு ஒரு முகத்தை அனுப்புறீங்க. எத்தனை தடவை என் வாயால சொல்றது?"

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு பழக்கம் கொண்டுவந்தோம். விலகுகிறவர் கடைசி மாதம் முழுக்கப் புதியவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் வீடுகளுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்: என்னென்ன ஏற்கெனவே கேட்டாயிற்று, எதைப் பேசினால் அவர் எழுந்து போய்விடுவார், யார் மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரே வேலைக்கு ஒரு மாதம் இரண்டு சம்பளம் என்பதால் அலுவலகத்தில் இதற்குச் சண்டை போட வேண்டியிருந்தது, இன்னும் ஒவ்வொரு முறையும் போட வேண்டியிருக்கிறது.

போன வாரம் புதுப் பையன் ஒருவனை அந்த அப்பா வீட்டுக்கே கூட்டிப்போனோம். அவர் மாத்திரைப் பட்டைகளைத் திண்ணையில் பரப்பி, "இதுல ராத்திரி மாத்திரை எது, சொல்லு பாப்போம்" என்றார். பையன் நோட்டைப் புரட்டிப் பார்த்து, சரியான பட்டையை எடுத்துக் கொடுத்தான். "சரி தம்பி, செவ்வாய்க்கிழமை வா. பத்து மணிக்கு முன்னாடி வந்துடணும், அப்புறம் நான் வாழைக்குத் தண்ணி பாய்ச்சப் போயிடுவேன்" என்றார். அவன் நேரத்தைக் குறித்துக்கொண்டான். வண்டியில் ஏறியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, பெட்ரோல் பில்லை எத்தனாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது.