மூணு, ரெண்டு, அஞ்சு, ஆறு: என் ஈறும் அப்பாவோட சுகரும்

"மூணு, ரெண்டு, மூணு... அடுத்தது மூணு, ரெண்டு, அஞ்சு, ரத்தம் வருது, குறிச்சுக்கோ."

நான் வாயைப் பொளந்துக்கிட்டு சேர்ல படுத்திருக்கேன், டாக்டரம்மா மெல்லிசா ஒரு கம்பியை ஒவ்வொரு பல்லு ஓரத்துலயும் இறக்கி இறக்கி நம்பர் சொல்றாங்க, பக்கத்துல அசிஸ்டென்ட் பொண்ணு எழுதிக்கிட்டே வருது. ஏலம் விடுற மாதிரியே இருந்துச்சு. கடைவாய்ப் பல்லுக்கு வந்ததும் "ஆறு"ன்னாங்க. ஆறுன்னா என்னன்னு கேக்கக்கூட முடியல, வாயிலதான் கம்பி இருக்கே.

அப்புறம் சொன்னாங்க, அது மில்லிமீட்டர் கணக்கு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கிற சந்து எவ்ளோ ஆழம்னு பாக்குறது. மூணு வரைக்கும் ஓகே, நாலுலேர்ந்து கவனிக்கணும், ஆறுன்னா உள்ள எலும்பே கொஞ்சம் கரைஞ்சிருக்கும், எந்த பிரஷ்ஷும் அந்த ஆழத்துக்குப் போகாது. ரெண்டு வருஷமா பல்லு தேய்க்கும்போது ரத்தம் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு, நான் பிரஷ்தான் முரடா இருக்குன்னு மூணு தடவை பிரஷ்ஷை மாத்தினேன். அவ்ளோதான் என் புத்தி.

"மேடம், இதை இப்படியே விட்டா ஹார்ட் வரைக்கும் போகும்"னு ஒரு வார்த்தை விட்டாங்க பாருங்க. வெளிய வந்தா சுவத்துல ஒரு படம், நடுவுல வாய், அதுலேர்ந்து இதயம், மூளை, கர்ப்பப்பை, கிட்னின்னு எல்லாத்துக்கும் அம்புக்குறி. நான் டாக்டர் இல்ல, கணக்கு பாக்குற வேலை, எவனாவது அம்புக்குறி போட்டா அதுக்குப் பின்னாடி ஒரு வவுச்சர் இருக்கான்னு தேடுறது பழக்கம். ஒரு மாசம் ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சேன்.

முதல்ல பிடிச்சுப் போனது 1965ல டென்மார்க்ல ஹரால்ட் லோன்னு ஒருத்தரும் அவர் கூட இருந்தவங்களும் பண்ண வேலை. ஈறு நல்லா இருந்த 12 பேர், முக்கால்வாசி பல் மருத்துவ ஸ்டூடண்ட்ஸ், பல்லே தேய்க்காம இருங்கப்பான்னு சொல்லிட்டாங்க. 10லேர்ந்து 21 நாளுக்குள்ள ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருக்கும் ஈறு வீங்கிடுச்சு, திரும்ப தேய்க்க ஆரம்பிச்சதும் சுமார் ஒரு வாரத்துல சரியாயிடுச்சு. அழுக்கு சேந்தா ஈறு வீங்கும், எடுத்தா போயிடும், இவ்ளோ சிம்பிளா ஒரு நிரூபணம் மருத்துவத்துல கிடைக்கிறது அபூர்வம். ஆனா இது வீக்கத்தோட நிக்கிற கதை, எலும்பு கரைய ஆரம்பிச்சிட்டா அது தானா திரும்பி வராது.

அதே லோ 1970லேர்ந்து இலங்கைல 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளை 15 வருஷம் கவனிச்சாரு. அவங்களுக்கு பல் டாக்டரும் கிடையாது பிரஷ்ஷும் கிடையாது, எல்லார் வாய்லயும் காரை, அதாவது பல்லுல கல்லு மாதிரி இறுகிப்போன அழுக்கு. படிக்கும்போதே மனசு நெருடுச்சு, அளந்து அளந்து எழுதிக்கிட்டே இருந்திருக்காங்க. சரி, ரிசல்ட் என்னன்னா 8 சதவீதம் பேருக்கு நோய் விறுவிறுன்னு முத்துது, 81 சதவீதம் பேருக்கு மெதுவா போகுது, மிச்சம் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி ஒண்ணுமே ஆகல. அழுக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான், அப்போ அதுக்கு உடம்பு எப்படி பதில் சொல்லுதுங்கிறதுலதான் விஷயம் இருக்கு. உடம்பும் ஈறும் பேசிக்குதுன்னு நான் நம்ப ஆரம்பிச்சது இந்த இடத்துலதான்.

பேசுற வழி என்னன்னா, ஆழமான சந்தோட உள்சுவரு புண்ணாகி இருக்கும், மெல்லும்போதும் தேய்க்கும்போதும் கிருமி கொஞ்சம் கொஞ்சம் ரத்தத்துக்குள்ள போகும், வீக்கத்தைத் தூண்டுற அழற்சிப் பொருளும் ரத்தத்துல ஏறும். இந்தப் புண்ணையெல்லாம் சேத்து விரிச்சா உள்ளங்கை அளவு இருக்கும்னு பல இடத்துல எழுதுறாங்க. 2001ல பிலிப் ஹூஜோல் குழு உக்காந்து கணக்கு போட்டுப் பாத்தா ஈறு நோய்க்காரங்களுக்கு அந்த இடம் மொத்தமும் 8லேர்ந்து 20 சதுர செண்டிமீட்டருக்குள்ளதான் வருது, உள்ளங்கைக்கு எங்க போறது. இருந்தாலும் கைல அந்த சைஸ்ல ஒரு புண்ணு வருஷக்கணக்கா ஆறாம இருந்தா சும்மா இருப்போமா?

இப்ப ஹார்ட்டுக்கு வரேன். 1989ல பின்லாந்துல மாரடைப்பு வந்த 100 பேரையும் வராத 102 பேரையும் வச்சுப் பாத்தாங்க, மாரடைப்பு வந்தவங்களுக்கு வாய் மோசமா இருந்துச்சு. அதுக்கப்புறம் இதே மாதிரி எத்தனையோ ஆய்வு. ஆனா சிகரெட்னு ஒண்ணு இருக்கே, அது ஈறையும் கெடுக்கும் ரத்தக்குழாயையும் கெடுக்கும், ரெண்டும் ஒரே ஆளுக்கு வந்தா ஒண்ணால இன்னொண்ணு வந்துச்சுன்னு எப்படி சொல்றது? (இன்னொரு கூத்து, சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ஈறுல ரத்தம் கம்மியா வரும், அதனால நமக்கு ஒண்ணும் இல்லன்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க.) மேல சொன்ன ஹூஜோல் இன்னொரு வேலையும் பண்ணாரு, பல்லு மொத்தமும் எடுத்துட்டவங்களையும் ஈறு நோயோட பல்லு வச்சிருக்கிறவங்களையும் ஒப்பிட்டுப் பாத்தாரு, பல்லே போனாலும் ஹார்ட் ரிஸ்க் ஒண்ணும் குறையல. 2012ல அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் எல்லாத்தையும் அலசிட்டு, சம்பந்தம் இருக்கு, ஆனா இதுதான் காரணம்னு நிரூபணம் இல்ல, ஈறு வைத்தியம் பண்ணா மாரடைப்பு குறையும்னும் நிரூபணம் இல்லன்னு சொல்லிட்டாங்க.

அதுக்காக எல்லாம் சும்மான்னும் சொல்ல முடியாது. 2007ல டோனெட்டி குழு பண்ண டிரையல் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கடுமையான ஈறு நோய் இருந்த 120 பேர், பாதிப் பேருக்கு ஆழமா கிளீனிங், மீதிப் பேருக்கு மேலோட்டமான சாதா கிளீனிங், ரத்தக்குழாய் எவ்ளோ நல்லா விரியுதுன்னு அளந்தாங்க. ஆழமா பண்ணவங்களுக்கு மறுநாள் மோசமாயிடுச்சு! கிளறி விட்டா அப்படித்தான் ஆகும். 60 நாள் கழிச்சுப் பாத்தா அவங்கதான் மேல், 180 நாள்லயும் அப்படியே. மாரடைப்பு குறைஞ்சுதான்னு அதுல பாக்கல, 120 பேரை வச்சு ஆறு மாசத்துல அதைப் பாக்கவும் முடியாது. அதைப் பாக்கணும்னா ஆயிரக்கணக்கான பேரை வருஷக்கணக்கா பிடிச்சு வைக்கணும், அதுல பாதிப் பேரு ஈறை வைத்தியம் பண்ணாம விடணும், எந்த டாக்டர் மனசு வந்து அப்படி விடுவாரு சொல்லுங்க.

கர்ப்பத்துக்குப் போன அம்புக்குறியை 2006ல 823 பெண்களை வச்சு அமெரிக்கால சோதிச்சாங்க, ஈறு தேறிச்சு, குறைப்பிரசவம் குறையல. வைத்தியத்தால கெடுதலும் இல்ல, அது ஒரு நல்ல சேதி. மூளைக்குப் போன அம்பு இன்னும் சோகம், 2019ல அல்சைமர் நோயாளிங்க மூளைல ஈறு கிருமியோட என்சைம் இருக்குன்னு பெரிய பரபரப்பு, அந்த என்சைமைத் தடுக்குற மாத்திரையை 600க்கு மேல ஆளுங்களுக்குக் குடுத்துப் பாத்து 2021ல தோத்துப் போச்சு. சுவத்துல இருக்கிற படத்துல அந்த அம்பு மட்டும் அப்படியேதான் இருக்கு.

இதெல்லாம் ஏன் இவ்ளோ நோண்டுறேன்னா, ஏற்கனவே ஒரு தடவை இப்படி ஆகியிருக்கு. 1900 வாக்குல வில்லியம் ஹண்டர்னு ஒரு லண்டன் டாக்டர், வாய் அழுக்குதான் பாதி நோய்க்கு மூலம்னு சொல்ல ஆரம்பிச்சாரு, அது அப்படியே பரவி மூட்டுவலிக்குப் பல்லைப் பிடுங்கு, அதுக்குப் பிடுங்கு இதுக்குப் பிடுங்குன்னு ஆகி, அமெரிக்கால ஹென்றி காட்டன்னு ஒருத்தரு மனநோய்க்கெல்லாம் பல்லைப் பிடுங்கித் தள்ளினாரு. அம்புக்குறியை மட்டும் நம்பினா வர்ற வினை அது.

ஆனா ஒரு அம்பு தாங்குது, அது சுகர். ரெண்டு பக்கமும் போற அம்பு. சுகர் கட்டுப்பாட்டுல இல்லன்னா ஈறு நோய் முத்தும், இது எப்பவோ உறுதியான விஷயம். எதிர்ப்பக்கம், அதாவது ஈறைச் சரி பண்ணா சுகர் குறையுமாங்கிறதுலதான் சண்டை. 2013ல 514 பேரை வச்சுப் பண்ண அமெரிக்க டிரையல்ல ஆறு மாசத்துல ஒரு வித்தியாசமும் இல்லன்னு வந்துச்சு. உடனே மத்தவங்க, யோவ் உங்க வைத்தியத்துக்கு அப்புறமும் ஈறுல ரத்தம் வந்துக்கிட்டுதானே இருக்கு, ஈறே சரியாகலன்னா சுகர் எப்படி குறையும்னு பிடிச்சுக்கிட்டாங்க, நியாயமான கேள்விதான். 2018ல லண்டன்ல 264 பேரு, ஆழமான கிளீனிங், தேவைப்பட்டவங்களுக்கு ஆபரேஷன், மூணு மாசத்துக்கு ஒருதரம் திரும்ப கிளீனிங்னு ஒழுங்கா பண்ணாங்க, ஒரு வருஷத்துல மூணு மாச சராசரி சுகர் (HbA1c, சதவீதத்துல சொல்ற நம்பர்) மத்த குரூப்பை விட 0.6 புள்ளி கம்மி. 2022ல காக்ரேன்னு, மருத்துவ ஆய்வுகளைச் சேத்து அலசுற அமைப்பு, 35 ஆய்வைச் சேத்துப் பாத்ததுலயும் மூணு நாலு மாசத்துல 0.43, ஆறு மாசத்துல 0.30, ஒரு வருஷத்துல 0.50னு குறையுது. சின்ன நம்பர் மாதிரி தெரியும், ஆனா கூட ஒரு மாத்திரை சேத்தா கிடைக்கிற பலனுக்குப் பக்கத்துல வருது.

இதைப் படிச்ச அன்னிக்கே அப்பாவைப் பிடிச்சேன். பதினஞ்சு வருஷ சுகர், முன்பல்லு ரெண்டு ஆடுது. "பல்லுக்கும் சுகருக்கும் என்னடி சம்பந்தம், கிளீன் பண்ணா இருக்கிற பல்லும் ஆடிடும்"னாரு. பாதி ஊரு இதைத்தான் சொல்லும். காரை பக்கத்துப் பக்கத்துப் பல்லைச் சேத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்ப்பா, எடுத்ததும் வீக்கம் வத்தி இடைவெளி தெரியும், பல்லு ஏற்கனவே ஆடிக்கிட்டு இருந்தது அப்பதான் உங்களுக்குத் தெரியும்னு ஒரு மணி நேரம் கத்துனேன். லண்டன் கணக்கெல்லாம் சொன்னேன், அசையல. கடைசில என்னோட ஆறு மில்லிமீட்டரைக் காட்டினதும்தான் "சரி, உன் கூடவே வரேன்"னாரு.

நாலு சிட்டிங் ஆச்சு. எனக்கு ஆறு இப்ப நாலுல நிக்குது. அப்பாவுக்கு மூணு மாச சுகர் 8.3 இருந்தது 7.6 ஆச்சு, "பாத்தியா உன் லண்டன் கணக்கை விட ஜாஸ்தி"ன்னு அவரே சொல்லிக்கிட்டு திரியுறாரு. அதே மாசம் சுகர் டாக்டர் மாத்திரையையும் மாத்தினாரு, சாயங்காலம் என் கூட நடக்கவும் ஆரம்பிச்சாரு. எது வேலை செஞ்சுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவர்கிட்ட மட்டும் நான் வாயைத் திறக்கல, அடுத்த கிளீனிங் வர்ற மாசம் இருக்கு.