'கூல் ரிசெப்ஷன்' கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டாம்

இலங்கை மலையகத்தில், நுவரெலியாப் பக்கம் வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டு இணையத்தில் ஆங்கில விளம்பரம் எழுதுகிறவர்களும், எல்லயில் வழிகாட்டி வேலை பார்க்கும் பிள்ளைகளும் அதிகம் தடுக்கி விழும் சொல் 'கூல்'. தெரிந்த சொல் என்ற நினைப்பில் யாரும் அகராதியைத் திறப்பதில்லை.

முதலில் காலநிலை. 'கூல்' என்றால் இதமான குளிர், அது பாராட்டு. 'சில்லி' என்றால் உடம்பு சுருண்டுகொள்ளும் குளிர், அதில் முறைப்பாட்டுத் தொனி உண்டு. 'எஞ்சோய் அவர் சில்லி கிளைமேட்' என்று எழுதினால், எங்கள் ஊருக்கு வந்து நடுங்குங்கள் என்று அழைத்த மாதிரி. 'கோல்ட் ரூம்ஸ் அவைலபள்' இன்னும் மோசம். 'கோல்ட் ரூம்' என்பது இறைச்சியும் மரக்கறியும் கெடாமல் வைக்கும் குளிர்சாதன அறை. காலநிலைக்கு 'கூல்', அறைக்கு 'வார்ம்' என்று எழுதுங்கள். சுடுதண்ணீரும் கூடுதலாக ஒரு கம்பளியும் உண்டென்றால் அதையும் சேருங்கள். வருகிறவர் முதலில் தேடுவது அதைத்தான். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படிந்து, பிறகு பளிச்சென்று வெயில் ஏறும் காலைக்கு 'கிறிஸ்ப்' என்றொரு அருமையான சொல் இருக்கிறது. நம் விளம்பரங்களில் அதைக் காண்பதே அபூர்வம்.

பேச்சில் வரும் பிழை வேறு. 'எனக்குக் குளிருது' என்பதற்கு 'ஐ ஆம் கோல்ட்'. 'ஐ ஆம் கூல்' என்றால் 'பரவாயில்லை, எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்று பொருள். போர்வை வேண்டுமா என்று கேட்டு அந்தப் பதில் வந்தால் விருந்தினர் வேண்டாம் என்கிறார். போர்வையோடு ஓட வேண்டியதில்லை. நடுவில் ஒரு 'எ' நுழைந்து 'ஐ ஹேவ் எ கோல்ட்' ஆனால் அது தடிமன். 'ஹீ இஸ் எ கோல்ட் மேன்' என்றால் நெஞ்சில் ஈரமில்லாத ஆள்.

பெரிய குழி இருப்பது மரபுத்தொடரில். நம் மொழி வெயில் காய்ந்த சமவெளியில் வளர்ந்தது. அதனால் நமக்கு மனம் குளிரும், கண் குளிரும், பெற்ற வயிறு குளிரும். ஆங்கிலம் வளர்ந்ததோ நெருப்பைச் சுற்றி உட்காரும் நாட்டில். அங்கே அன்புக்குச் சூடு வேண்டும்: 'வார்ம் வெல்கம்', 'வார்ம் ரிகார்ட்ஸ்'. கோப்பித் தோட்டக் காலத்தில் நம் முன்னோர் கடல் தாண்டி வந்தபோது கூடவே வந்த பேச்சு, இத்தனை தலைமுறை மலைக்குளிரிலும் மாறவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு 'மனசு குளிர்ந்து போச்சு' என்கிறோம். அது இருக்கட்டும். ஆனால் 'உள்ளம் குளிர வரவேற்றீர்கள்' என்பதை அப்படியே 'யூ கேவ் அஸ் எ கூல் ரிசெப்ஷன்' என்று நன்றிக் கடிதத்தில் எழுதினால், முகம் கொடுத்துப் பேசவில்லை என்று குற்றம் சொன்னதாகிவிடும்.

மனிதர்களின் நடத்தைக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் படிகள் மேலிருந்து கீழே இப்படி இறங்கும்: 'வார்ம்', 'லூக்வார்ம்', 'கூல்', 'ஃப்ரொஸ்டி', 'ஐசி'. ஆகவே சங்கத்தின் திட்ட முன்மொழிவுக்கு, 'த கமிட்டி வோஸ் கூல் டுவேர்ட்ஸ் த ஐடியா' என்று பதில் வந்தால் காசு வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே குழுவின் அலுவலர் ஒருவர் தொலைபேசியில் 'ஐ ஆம் கூல் வித் தெட்' என்றால் அவருக்குச் சம்மதம். பின்னால் வரும் சின்னச் சொல்லைப் பார்த்தால் போதும்: 'வித்' வந்தால் இணக்கம், 'டுவேர்ட்ஸ்' வந்தால் தயக்கம். 'அபவுட்' வந்தால்தான் சிக்கல். 'ஷீ வோஸ் கூல் அபவுட் இட்' என்பது 'அலட்டிக்கொள்ளவில்லை' என்றும் இருக்கலாம், 'ஆர்வம் காட்டவில்லை' என்றும் இருக்கலாம். முன்பின் வாக்கியங்களைப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது.

'கூல்னஸ்' இதைவிட நுட்பமானது. 'கூல்னஸ் அண்டர் ப்ரஷர்' என்றால் நெருக்கடியிலும் குலையாத நிதானம். 'எ கூல்னஸ் பிட்வீன் தெம்' என்றால் இருவருக்கும் இடையில் மனஸ்தாபம்.

பாராட்டாகச் சொல்லும் 'கூல்' 1940களில் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் வழியாகப் பரவியது. அவர்களில் ஒருவரான மைல்ஸ் டேவிஸ் 1949, 1950இல் பதிவுசெய்த இசை 1957இல் 'பர்த் ஒஃப் த கூல்' என்ற பெயரில் இசைத்தட்டாக வந்தது. கொச்சைப் பேச்சுச் சொற்கள் பெரும்பாலும் ஒரு தலைமுறையோடு போய்விடும், இது போகவில்லை. பணத்தோடு வரும் 'கூல்' அதைவிடப் பழையது, 18ஆம் நூற்றாண்டு. 'எ கூல் மில்லியன்' என்பதில் குளிர் எதுவும் இல்லை. சுளையாகப் பத்து லட்சம், அவ்வளவுதான். 'கூலிங் யுவர் ஹீல்ஸ்' என்றால் அலுவலக வாசலில் கால்கடுக்கக் காத்துக் கிடப்பது. ஒப்பந்தத்தில் 'கூலிங்-ஓஃப் பீரியட்' என்றிருந்தால் கையெழுத்திட்ட பிறகும் மனம் மாறி விலகிக்கொள்ளத் தரும் நாட்கள். அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

மருந்துப் பெட்டியில் இருக்கும் 'கூல்' மனநிலை பற்றியதல்ல, அளவு பற்றியது. அமெரிக்க மருந்துத் தரநூலின்படி 8 முதல் 15 பாகை செல்சியஸ் வரை 'கூல்'. 8க்கு மேற்போகாதது 'கோல்ட்'. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை என்பதால், நம் ஊரே குளிர்சாதனப் பெட்டிதானே என்று 'கோல்ட்' மருந்தை அலுமாரியில் வைக்கக் கூடாது. தேயிலைப் பொதியின் 'கூல், ட்ரை பிளேஸ்' மலையகத்தில் வேறுவிதமாகக் கடிக்கும். இங்கே 'கூல்' தானாகவே கிடைத்துவிடும், 'ட்ரை'தான் கிடைக்காது. மூடுபனி வீட்டுக்குள் வரும் ஊரில் திறந்து வைத்த தூள் ஈரத்தையும் பக்கத்துச் சமையல் மணத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். இறுக மூடும் தகரப் பேணிதான் வழி.

'சில்லிங் சென்டர்' என்றால் பாலைக் குளிரூட்டும் நிலையம். 'சில்லிங் ஸ்டோரி' என்றால் குலைநடுங்க வைக்கும் கதை. ஹொட்டல் பலகைகளில் 'சில்லி சிக்கன்' என்பதில் 'சில்லி'யை 'வை' போட்டு முடித்தால் குளிரில் நடுங்கும் கோழி. மிளகாய்க்கு இரண்டு எல், பிறகு ஐ.

கடைசியாக ஓர் எழுத்துப் பிழை. 'கூல்' என்பதிலிருந்து வரும் வினையடைக்கு இரண்டு எல்: சி, ஓ, ஓ, எல், எல், வை. ஒரு எல் குறைந்தால், பழைய தோட்டத்து ஆங்கிலத்தில் நம்மவர்களைக் குறித்த 'கூலி' என்ற சொல்லாகிவிடும். அதை 'ஐஈ' போட்டும் எழுதினார்கள், 'வை' போட்டும் எழுதினார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களுக்குத் தோட்டத் துரைமார் வைத்த பெயரிலும் அதுதான் இருந்தது. நிதானமாக வேலை செய்வேன் என்று விண்ணப்பத்தில் சொல்ல இந்தச் சொல்லே வேண்டாம். இரண்டு எல் போட்டாலும், விட்டேற்றியாக என்ற பொருளும் அதற்குள் ஒட்டியிருக்கிறது. 'காம்லி' என்று எழுதுங்கள்.