மெடிகேரில் இரண்டாவது கருவி எப்போது கிடைக்கும்?

அமெரிக்காவில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான அரசு மருத்துவக் காப்பீடுதான் மெடிகேர். அதில் வீட்டில் பயன்படுத்தும் மருத்துவக் கருவிகளுக்குப் பணம் தரும் பகுதியான பார்ட் பி வைத்திருப்பவருக்கு மாடியில் ஒரு வாக்கர், கீழே ஒரு வாக்கர் கேட்டால் கிடைக்காது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டாவது கருவி வெறும் வசதிக்கானது என்றே கணக்கு. பயணத்துக்குச் சின்ன சிபாப் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்றை அழுத்தித் தரும் மெஷின்), மகள் வீட்டில் போட்டுவைக்க இன்னொரு ஆக்சிஜன் மெஷின், பவர் வீல்சேர் நின்றுபோனால் உட்கார ஒரு சாதா வீல்சேர், எல்லாமே கைக்காசுதான்.

ஆனால் வேலை வேறு என்று காட்ட முடிந்தால் கதை மாறும். வென்டிலேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க வீல்சேரிலேயே இருப்பவருக்கு அதில் பொருத்திய வென்டிலேட்டர் ஒன்று, இரவில் படுக்கையருகே அதே வகையில் இன்னொன்று என இரண்டுக்கும் வழியுண்டு. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கேட்கும் ஸ்பேருக்குத் தனியாகப் பணம் வராது. அதனால் டாக்டரின் குறிப்பில் "பேக்கப்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எந்த மெஷின் எந்த நேரத்தில், எங்கே, ஏன் தேவை, ஒன்றை மட்டும் வைத்துச் சமாளித்தால் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

மாற்றுக் கருவி கேட்பது வேறு விஷயம். பெரும்பாலான கருவிகளுக்கு ஆயுள் 5 வருடம். நோயாளி கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அதற்குள் தேய்ந்துபோனால் ரிப்பேர்தான். திருட்டு, தீ, சரிசெய்யவே முடியாத சேதம் என்றால் முன்பே மாற்றலாம். போலீஸ் அல்லது தீயணைப்புத் துறை ரிப்போர்ட்டைக் கையோடு வாங்கிவிடுங்கள். உடல்நிலை மோசமாகி, சாதா வீல்சேரை இனி கையால் தள்ள முடியாத நிலை வந்தாலும் 5 வருடம் காத்திருக்க வேண்டியதில்லை; அந்த மாற்றம் மருத்துவக் குறிப்பில் பதிவாகியிருக்க வேண்டும். சொந்தக் கருவி ரிப்பேரில் இருக்கும்போது தற்காலிகக் கருவிக்கு ஒரு மாத வாடகை வரை உண்டு. இது பலருக்குத் தெரிவதே இல்லை, கேட்டு வாங்குங்கள்.

பழைய வாக்கரை மறந்துவிடுவதாலும் கிளெய்ம் அடிபடும். வேறொரு சப்ளையரிடம் 3 வருடம் முன்பு வாங்கியிருந்தாலும் மெடிகேர் பதிவில் அது இருக்கும். அதே மாதிரி கருவி ஏற்கெனவே இருக்கிறது என்று மறுத்துவிடுவார்கள். ஆர்டர் கொடுக்கும் முன்பே சப்ளையரை மெடிகேர் போர்ட்டலில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மெடிகேர் பணம் தருமா என்று சந்தேகம் இருந்தால் சப்ளையர் ஏபிஎன் படிவத்தை, அதாவது மெடிகேர் பணம் தராமல் போகலாம் என்ற முன்னறிவிப்பை, நீட்டுவார். அதில் பணம் கட்டச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், மறுக்கப்பட்ட தொகை உங்கள் தலையில்தான். விலையும் காரணமும் எழுதாத படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்தால் முதல் அப்பீலுக்கு 120 நாள் அவகாசம். வெறும் வேண்டுகோளை அனுப்பாமல், டாக்டரின் குறிப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.