விதைநெல்லுக்கு எவ்வளவு தருவார்கள்?

அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயியிடம் "நல்ல விதைக்கு எவ்வளவு தருவீங்க?" என்று நேராகக் கேட்டால் பேரம்தான் பதிலாக வரும். அதனால் தேர்வுச் சோதனை (choice experiment) வைத்து, இரண்டு விதைகளை அட்டையில் காட்டி, ஒன்றை எடுக்கச் சொல்கிறோம். மகசூல், பயிரின் வயது, சாயாமை (காற்று மழையில் பயிர் சாயாமல் நிற்பது), கிலோ விலை என நான்கு பண்புக்கும் மும்மூன்று நிலை வைத்தால் 81 சேர்க்கை. ஆளுக்கு 8 அட்டை போதும். கூடினால் அலுத்துப்போய் விலையை மட்டும் பார்த்துக் கைகாட்டுவார்கள். "ரெண்டும் வேண்டாம், அம்பை 16 போதும்" என்று பழகிய நெல் ரகத்திலேயே நிற்கும் வழியும் வேண்டும், இல்லையேல் தேவை ஊதித் தெரியும். ஆள் எண்ணிக்கைக்கு உத்தேசக் கணக்கு: 500 என்ற மாறிலியை 3 நிலையால் பெருக்கி, 8 அட்டை × 2 விதையால் வகுக்க வேண்டும்; 500×3÷(8×2), அதாவது குறைந்தது 94 பேர்.

பெரும்பாலும் சறுக்குவது விலையில். 40, 42, 44 ரூபாய் என்று நெருக்கி வைத்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. தேர்வுகளை வைத்து ஒவ்வொரு பண்பின் ஈர்ப்பையும் கணக்கிடும் லாஜிட் மாதிரியில் விலைக்கெழு (விலையின் ஈர்ப்பைக் காட்டும் எண்) பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். சாயாமையின் கெழுவை அதால் வகுத்துத்தானே சாயாமைக்கு அவர்கள் தரும் தொகையைக் காண்கிறோம்? அபத்தமான எண்தான் வரும். முன்னோட்டத்திலேயே விலையை அகட்டிவிடுங்கள்.