ஆத்தோரம் வீடு, அடுப்படிக்கு பெர்மிட் வாங்க எட்டு மாசம்

போன வாரம்தான் பிளான்ல சாப்பு குத்திக் குடுத்தாங்க. எட்டு மாச அலைச்சல், கோவம் இன்னும் அடங்கல, அதான் எழுதுறேன். அப்பா முப்பது வருஷம் பால் மரம் வெட்டி, சேமநிதிக் காசுல வாங்குன லாட்டு, பின்னாடியே ஆறு. அம்மாவுக்காக பின்பக்கம் 12 அடிக்கு அடுப்படி இழுக்கலாம்னு மனு எடுத்துட்டுப் போனேன்.

கவுண்டர்ல இருந்தவரு ஃபைல பிரிக்கக்கூட இல்ல. ஆத்துக்கு 50 மீட்டர் ரிசாப் சுங்கை (கரையோரம் கட்டாம விடவேண்டிய ஒதுக்கு நிலம்), உங்க வீடே அதுக்குள்ளதான் நிக்குதுன்னு அனுப்பிட்டாரு. வீட்ட இடிச்சிருவாங்களோன்னு அம்மா ராத்திரி பூரா தூங்கல. அவரு சொன்னது தப்புங்க! ஜேபிஎஸ் (மலேசிய வடிகால் நீர்ப்பாசன இலாகா) வழிகாட்டியில ஆத்தோட அகலத்துக்கு ஏத்த மாதிரிதான் ரிசாப். ஆறு 40 மீட்டருக்கு மேலன்னாதான் ஒவ்வொரு கரையிலயும் 50, 20லேர்ந்து 40ன்னா 40, 10லேர்ந்து 20ன்னா 20, 5லேர்ந்து 10ன்னா 10, அதுக்கும் கீழ 5. எங்க ஆறு கரைக்குக் கரை 17 மீட்டர்தான், அப்ப ரிசாப் 20. எந்த விதியில முடியாதுன்னு சொல்றீங்கன்னு லெட்டர் போட்டேன், அப்புறம்தான் ஃபைல வாங்குனாங்க.

அடுத்த அடி எங்க ஆளால. பிளான் வரைஞ்சவரு வெயில் காலத்துல வந்து, தண்ணி ஓரத்துலேர்ந்து டேப் புடிச்சு வீட்டுச் சுவருக்கு 26 மீட்டர்னு போட்டுட்டாரு. கரையோட மேல் விளிம்புலேர்ந்து அளக்கணும்னு திருப்பிட்டாங்க, லீவு போட்டு போனது வீண். லைசென்ஸ் உள்ள சர்வேயர் அண்ணன கூட்டியாந்தேன். மூங்கில் புதருக்குள்ள பூந்து, மண்ணு சரிஞ்ச விளிம்புல செவப்பு பெயிண்ட் அடிச்ச குச்சிய நட்டு அளந்தாரு, 23.5. மிச்சம் மூன்றரை மீட்டர், 12 அடின்னா அரை அடி இடிக்குது. 10 அடியா மாத்தி வரைஞ்சோம், அதுக்கப்புறம் எல்லாம் மளமளன்னு முடிஞ்சிருச்சு.

ரூல்ஸ நான் குறை சொல்லல. மழைக்கு கரை சரியறத கண்ணால பாக்குறோம், ஆறு தூர் வார மெஷின் வந்தா போக வழி வேணும். ஆத்தோரம் வீடு வச்சிருக்கவங்க பிளானுக்கு காசு குடுக்குறதுக்கு முன்னாடியே சர்வேயர கூப்பிடுங்க, கெரான (நிலப் பட்டாவ) எடுத்துட்டுப் போயி ரிசாப் கோடு எங்க போகுதுன்னு நில அலுவலகத்துல கேளுங்க. பெர்மிட் வராம ஒரு கல்லு கூட வைக்காதீங்க, 1974 சாலை வடிகால் கட்டடச் சட்டத்துல இடிக்கச் சொல்லிருவாங்க.

கொத்தனார் திங்கக்கிழமை வர்றாரு. அம்மா இப்பவே அம்மிக்கல்ல கழுவி வச்சிட்டாங்க.