மாவுச்சத்தைக் குறைக்கும் நாட்கள்

ஜனவரி 8

ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்தது. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1, ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 240. சர்க்கரை நோய் என்று சொல்லும் அளவு இல்லை, ஆனால் அதற்கு முந்தைய கட்டம். மாவுச்சத்தைக் குறைத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "பாருங்கள். எவ்வளவு குறைக்கப் போகிறீர்கள், அந்த இடத்தில் என்ன சாப்பிடப் போகிறீர்கள், இந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டு ஆரம்பியுங்கள்" என்றார். மாத்திரை எதுவும் எழுதித் தரவில்லை.

ஜனவரி 11

நாளுக்கு 20 முதல் 50 கிராம் மாவுச்சத்து என்றால் கீட்டோ. 130 கிராமுக்குள் இருந்தாலே குறைந்த மாவுச்சத்து என்றுதான் பொதுவாகக் கணக்கு. கீட்டோவில் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உண்டாக்கி மூளைக்கும் தசைக்கும் எரிபொருளாகத் தருகிறது. மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் 1921இல் வலிப்பு நோய்க்காக முன்வைத்த முறை இது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவக் கண்காணிப்பில் தருகிறார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்துத் தரப்படுவதை நான் தனியாக வீட்டில் தொடங்க மனம் ஒப்பவில்லை. 100 முதல் 130 கிராம் என்று வைத்துக்கொள்கிறேன். சர்க்கரையும் இனிப்புப் பானங்களும் அறவே கிடையாது.

ஜனவரி 19

எடை மளமளவென்று இறங்குகிறது. இதில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை. கல்லீரலிலும் தசையிலும் உடல் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைச் சேமிப்பான கிளைக்கோஜன், ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது செலவானால் தண்ணீரும் வெளியேறிவிடும். இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. மதியம் வரும் தலைவலிக்கும் அசதிக்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தக் கட்டத்தில் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. முதல் வார எடையைக் காட்டி ஊக்கப்படுத்தும் எவரும் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை என்பது எனக்குக் கோபம்.

ஜனவரி 30

நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்று படித்தேன். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை ஓராண்டு பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வு: கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. இரு தரப்புமே சர்க்கரையையும் மைதா வகையறாக்களையும் விட்டுக் காய்கறி நிறையச் சாப்பிட்டவர்கள். ஆக, எடைக்காக மட்டும் என்றால் இது ஒரு வழி, ஒரே வழி இல்லை. ரத்தச் சர்க்கரை வேறு விஷயம். அங்கே மாவுச்சத்தைக் குறைப்பதன் பலன் தெளிவாகத் தெரிகிறது. முதல் ஆறு மாதங்களில் நன்றாகவும், ஓராண்டு நெருங்கும்போது சற்று மங்கலாகவும்.

பிப்ரவரி 9

அக்கா போன் செய்தாள். "உனக்கு இளைச்சிருக்காமே, நானும் நாளையிலிருந்து ஆரம்பிக்கிறேன்டா" என்றாள். அவளுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை. இரவில் இன்சுலின், காலையில் டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை. "டாக்டரைப் பார்க்காம ஒரு வாய்கூடக் குறைக்காதே அக்கா" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

சாப்பாட்டில் மாவுச்சத்து குறைந்து இன்சுலின் மட்டும் அதே அளவில் போனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளிலும் இதே அபாயம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகையில் அச்சம் இன்னொன்று. அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. அதோடு மாவுச்சத்தையும் வெகுவாகக் குறைத்தால் கீட்டோன்கள் எல்லை மீறி ரத்தம் அமிலமாகலாம். அப்போது சர்க்கரை அளவு ஏறக்குறைய இயல்பாகவே இருக்கலாம் என்பதுதான் கொடுமை. வீட்டுக் கருவியில் நல்ல எண்ணைப் பார்த்துவிட்டு, வாந்தியையும் வயிற்றுவலியையும் மூச்சு வாங்குவதையும் அஜீரணம் என்று விட்டுவிடுவார்கள். அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை. மருந்தை யாரும் தானாக நிறுத்தவும் கூடாது. என்ன மாற்ற வேண்டும் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பக்கமும் இந்த எச்சரிக்கை போக வேண்டும்.

அக்கா திங்கட்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

மார்ச் 3

மலச்சிக்கல். தானியத்தோடு நார்ச்சத்தும் போய்விட்டது. கீரை, பயறு, கொட்டைகளைக் கூட்டினேன், சரியாகிறது.

ஏப்ரல் 14

எச்பிஏ1சி 5.7. ட்ரைகிளிசரைடு 150. மனம் நிறைந்தது. ஆனால் கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்டிஎல் 118இலிருந்து 146க்கு ஏறியிருக்கிறது. சிலருக்கு இப்படி ஆகும், சிலருக்கு இன்னும் அதிகமாகவும் ஏறும் என்றார் டாக்டர். என் தட்டில் தானியம் விட்ட இடத்தைப் பெரும்பாலும் வெண்ணெயும் சீஸும் இறைச்சியும் பிடித்திருந்தன.

2018இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் வந்த ஆய்வு இங்கே பொருந்துகிறது. மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 50 முதல் 55 சதவீதமாக இருந்தவர்களிடையே இறப்பு மிகக் குறைவு. 40க்குக் கீழும் 70க்கு மேலும் கூடுதல். மாவுச்சத்துக்குப் பதில் இறைச்சி வந்த இடத்தில் இறப்பு கூடியது, தாவரப் புரதமும் கொழுப்பும் வந்த இடத்தில் குறைந்தது. மக்களைப் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுதான், காரணம் இதுவே என்று அது நிரூபிக்காது. ஆனாலும் டாக்டர் முதல் நாள் கேட்ட இரண்டாவது கேள்வியை நான் இனி இலேசாக எடுக்க மாட்டேன்.

மாவுச்சத்து அளவு அப்படியே இருக்கட்டும். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயும் கொட்டைகளும், இறைச்சிக்குப் பதில் வாரத்தில் பாதி நாள் மீனும் பயறும். ஜூலையில் மறுபடி எல்டிஎல் பார்க்கிறோம். அப்போதும் இறங்காவிட்டால் தானியத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வேன்.